குற்றத்துக்கு முகம் தேடிய தத்துவம்

1949 டிசம்பரில் ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஆற்றிய உரையொன்றில் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர், எந்திரமயமாகிவிட்ட வேளாண்மையும் நச்சுவாயுக் கூடங்களில் நடந்த பிண உற்பத்தியும் சாராம்சத்தில் ஒன்றே என்றார். 1954இல் தொழில்நுட்பம் குறித்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அச்சேறியபோது வேளாண்மை மட்டும் தங்கியது, பிணங்கள் காணாமல்போயின. அந்த மூல வாக்கியத்திலும் கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்பது கிடையாது. எல்லாம் தொழில்நுட்பத்தின் விதி. ஆனால் 2014 முதல் வெளிவந்த அவருடைய ‘கருப்புக் குறிப்பேடுகள்’ வேறு கதை சொல்கின்றன. உலகம் முழுவதையும் கணக்குக்குள் அடக்கிவிடத் துடிக்கும் நவீன மனப்போக்கைப் பற்றி 1930களின் பிற்பகுதியில் எழுதும்போது, கணக்கிடுவதில் யூதர்களுக்குள்ள தனித்திறமை என்று தயங்காமல் பெயர் சொல்லியே குறிக்கிறார். குற்றம் சுமத்தும் இடத்தில் யூதர் முன்னால் நிறுத்தப்படுகிறார். சாகும் இடத்தில் அவர் பெயர்கூட இல்லை.

ஆயிரக்கணக்கான பக்கங்களில் இவை சில பத்திகள்தானே, நாஜிகளும் தொழில்நுட்ப வெறிக்கு இரையானவர்களே என்று அவரே பிறகு எழுதவில்லையா என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். எழுதினார்தான். ஆனால் 1933இல் சேர்ந்த நாஜிக் கட்சியில் 1945 வரை உறுப்பினராகவே இருந்தார். பத்திகள் எத்தனை என்பதைவிட, அவை எங்கே வருகின்றன என்பதே முக்கியம். தொழில்நுட்பத்தை முதலாளிகள், அரசுகள், சட்டங்கள் என்று யாருடைய செயலாகவும் பார்க்காமல் ஒரு விதியாகவே பார்த்தால், பொறுப்பாளியின் நாற்காலி காலியாகவே கிடக்கும். ஊரில் ஏற்கெனவே உலவும் வெறுப்பு அதில் சாவகாசமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யூதரையும் முதலாளித்துவத்தையும் முடிச்சுப்போட்டு ஜெர்மன் பொருளியலாளர் வெர்னர் சொம்பார்ட் 1911இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். எந்திரத்துக்கு அஞ்சியவர்கள் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. நகரும் பட்டறை வரிசையைக் கொண்டு கார்களைக் குவித்த ஹென்றி ஃபோர்டு, 1920களில் தன் பத்திரிகையில் இதே வெறுப்பைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அப்படியானால் ஹைடெக்கரின் தொழில்நுட்ப விமர்சனத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவரிடம் படித்த யூத மாணவர்கள் எறியவில்லை, அதில் விடுபட்டிருந்த கேள்வியைச் சேர்த்தார்கள். ஹான்ஸ் யோனாஸின் தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். யோனாஸ் 1979இல் வெளியிட்ட நூல், தொழில்நுட்ப யுகத்தில் மனிதருக்குள்ள பொறுப்பையே மையமாகக் கொண்டது. குந்தர் ஆண்டர்ஸோ 1959இல், ஹிரோஷிமா வானிலையை நோட்டமிட்டுத் தகவல் சொன்ன விமானத்தின் ஓட்டுநர் கிளாட் ஈதர்லிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அணுகுண்டு போட்டது அவருடைய விமானமல்ல. பிரம்மாண்டமான ஓர் எந்திரத்தில் சிறு திருகாணியாக இருந்தவருக்கும் அந்தச் சாவுகளில் எவ்வளவு பங்கு என்பதையே அவர்கள் இருவரும் கடிதம் கடிதமாகப் பேசினார்கள்.