பலகையில் ஓர் ஆண்டு, பத்திரத்தில் ஓர் ஆண்டு

கடைப் பலகையில் நிறுவிய ஆண்டைப் போடுவது திருச்சி பெரிய கடை வீதியில் பழைய வழக்கம். இப்போது ஆண்டோடு ஒரு கதையும் வருகிறது. வெறுங்கையோடு ஊரை விட்டு வந்தார், பாட்டியின் கைப்பக்குவத்தில் தொடங்கினார் என்று பாக்கெட்டின் முதுகிலேயே அச்சடிக்கிறார்கள். கதை சொல்வதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி ஏஜென்சிக்கு டெபாசிட் கட்டுபவர் நம்மில் ஒருவராயிற்றே!

அமெரிக்காவில் 1995ல் பியர் ஒமிடியார் தொடங்கிய ஈபே ஏல நிறுவனத்துக்கும் ஒரு கதை உண்டு. வருங்கால மனைவி பெஸ் மிட்டாய் டப்பாக்களைச் சேகரிக்க உதவியாகத் தொடங்கினார் என்று உலகமே பேசிற்று. அது பத்திரிகைகளைக் கவர விளம்பரப் பிரிவு கட்டிய கதை என்பது 2002ல் வந்த ஒரு நூலால் வெளியாயிற்று. அதனால் பெரிதாக யாருக்கும் நஷ்டமில்லை.

டெல்லியில் விஷயம் நீதிமன்றம் ஏறிவிட்டது. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தவர் தங்கள் குந்தன் லால் குஜ்ராலே என்று மோதி மகால் குடும்பத்தார், தர்யாகஞ்ச் ஓட்டல் மீது 2024ல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கேட்ட நஷ்ட ஈடு சுமார் 2 கோடி ரூபாய். எதிர்த்தரப்பார் எடுத்துக் காட்டியது என்ன தெரியுமா? குஜ்ராலும் தங்கள் குந்தன் லால் ஜக்கியும் கையெழுத்திட்ட 1949ம் ஆண்டுக் கூட்டுப் பத்திரம்! மங்கிப்போன கையெழுத்துக் காகிதம்தான்.

கதையைச் சரிபார்க்க நமக்கும் வழி உண்டு. கூட்டு வணிகப் பதிவேட்டை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம்; 1932ம் ஆண்டுச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. கம்பெனியாக இருந்தால் கம்பெனிப் பதிவாளரிடம் தொடங்கிய தேதி, இயக்குநர்கள், ஆண்டுக் கணக்கு எல்லாம் கிடைக்கும். "நாற்பதாண்டு பாரம்பரியம்" போன வருடம்தான் பதிவாகியிருக்கும்! டெபாசிட் கட்டுமுன் இந்தச் சிறு செலவைப் பார்க்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்தார் அறிந்ததே: கோயிலொழுகு ஒன்று சொல்லும், மதில் கல்வெட்டு ஒன்று சொல்லும். ஆராய்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்தே படிக்கிறார்கள்.

நம் பலகைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாத்தா 1946ல் மளிகை வைத்திருப்பார். பேரன்கள் பாகம் பிரிந்து 1991ல் புதுப் பத்திரம் எழுதியிருப்பார்கள். இருவர் பலகையிலும் 1946! ஊருக்குள் யாரும் கேட்பதில்லை. ஆனால் அப்பளத்துக்கோ மசாலாவுக்கோ வணிகச் சின்னம் பதியப் போனால் கேட்பார்கள். இந்த ஆண்டு முதல் பயன்படுத்துகிறோம் என்று குறித்தால், 2017ம் ஆண்டு விதிகளின்படி ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். உண்மையாகவே பழைய கடைக்கு இது பாதுகாப்பு. முன்பே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாது என்கிறது 1999ம் ஆண்டுச் சட்டத்தின் 34வது பிரிவு. அதை மெய்ப்பிக்கப் பழைய பில், பேரேடு, லேபிள், வரி ரசீது வேண்டும். ஆகவே ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.