வெறுங்காலோடு வகுப்பறைக்கு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறான். "ஐயா, பையன் நன்றாய் ஜெபிக்கிறான், ஊழியத்தின்மேல் வாஞ்சையாயிருக்கிறான். அங்கே அனுப்பினால் இப்போது இருக்கிற விசுவாசமும் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது" என்றார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, என் ஊர்ச் சபையின் மூப்பர் ஒருவர் என் தலைமேல் கைவைத்து, "ஆண்டவரே, புத்தகங்கள் இவனைக் கெடுத்துவிடாதபடி காத்துக்கொள்ளும்" என்று உரத்த சத்தமாய் ஜெபித்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில், கிரேக்க வினைச்சொற்களை எல்லா வடிவங்களிலும் ஒப்பிக்கத் தெரிந்தும், முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் வராத மாதங்கள் சில எனக்கு இருந்தன. அந்த மூப்பருடைய ஜெபம் வீண்போகவில்லை என்றே இன்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டம் இதே கேள்வியோடு போராடியது. அவர்கள் இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில் ஓர் இறையியல் பள்ளியை நிறுவினார்கள். அதன் வரலாற்றைச் சில நாட்களாக மறுபடியும் வாசித்துவருகிறேன். ரோமச் சபைத் துறவிகளின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சீர்திருத்தத்துக்கு முன்னிருந்த சபை நம்முடைய முன்னோரின் சபையும்தான் என்பதே என் பதில்.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் கல்வியைக் குறித்து எச்சரிக்கையாயிருந்தவர். தனக்கென ஒரு சங்கீதப் புத்தகம் வேண்டும் என்று கேட்ட இளந்துறவியிடம், இன்று இதைக் கேட்பவன் நாளை ஜெபப் புத்தகத்தையும் கேட்பான், பின்பு பெரிய குருவைப்போல ஆசனத்தில் அமர்ந்துகொண்டு அதை எடுத்துவரும்படி தன் சகோதரனையே ஏவுவான் என்ற கருத்தில் அவர் பேசியதாகப் பழைய நினைவுக்குறிப்புகள் சொல்லுகின்றன. ஆனாலும், சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்க அந்தோனியாருக்கு அனுமதி அளித்துக் கடிதம் எழுதியவரும் அவரே. அதில் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் படிப்பு ஜெபத்தின் ஆவியையும் பக்தியையும் அணைத்துவிடக்கூடாது.

1224 செப்டம்பர் 10 அன்று அவருடைய சீடர்கள் ஒன்பதுபேர் டோவர் துறைமுகத்தில் இறங்கினார்கள். கப்பல் கூலிக்கு அவர்களிடம் பணமில்லை; பிரான்சு தேசத்து ஃபேக்காம் மடத்துத் துறவிகள்தான் கடலைக் கடக்க உதவினார்கள். கான்டர்பரியில் தங்கியவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டிய சிற்றறை கிடைத்தது. பகல் முழுவதும் அதற்குள் அடைந்திருப்பார்கள். மாலையில் மாணவர்கள் வீடு திரும்பிய பின்பு பள்ளியறைக்குள் வந்து, நெருப்பு மூட்டி, பார்லி மதுவின் வண்டலைச் சூடாக்கி, ஒரே கிண்ணத்தில் முறைமுறையாய்க் குடிப்பார்கள். (அந்நாளில் அத்தேசத்தாரின் சாதாரண பானம் அது, ஒருவரும் இடறலடையவேண்டாம்.) கிண்ணம் தன் கைக்கு வரும்போது ஒவ்வொருவரும் பக்திவிருத்திக்கேதுவான ஒரு வார்த்தை சொல்வார்கள். எக்கிள்ஸ்டன் ஊர்த் தாமஸ் என்ற துறவி தம் நாளாகமத்தில் இவற்றையெல்லாம் பதிந்துவைத்திருக்கிறார்.

அந்த ஒன்பதுபேரில் இருவர் அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே வந்திருந்த தொமினிக்கன் சகோதரர்கள் எட்டு நாள் இடங்கொடுத்தார்கள். பின்பு செயின்ட் எப் பகுதியில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அங்கே சேர்ந்த இளைஞர்கள் கடுங்குளிரிலும் ஆழமான சேற்றிலும் வெறுங்காலோடு நடந்து, எவ்வளவு தொலைவானாலும் இறையியல் வகுப்புக்கு நாள்தோறும் போய்வந்தார்கள் என்று தாமஸ் எழுதுகிறார். இந்த ஓரிடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். செருப்பும் வேண்டாம் என்று விட்டவர்கள் வகுப்பு மட்டும் வேண்டும் என்று போனார்களே!

அவர்களுக்கென்று ஒரு பள்ளியைக் கட்டியவர் அவர்களின் தலைவர் பீசா நகரத்து அக்னெல்லுஸ். அவர் கல்விமான் அல்லர். நோயாளிகளுக்கென்று அவர் கட்டிய அறையின் சுவர் ஆள் உயரத்தைப் பெரிதாகத் தாண்டக்கூடாது என்று பார்த்துக்கொண்ட எளிமைக்காரர். அப்படிப்பட்ட மனிதர்தான், தம் இளைஞருக்குக் கற்பிக்க அந்நகரில் இருந்தவர்களிலேயே சிறந்த ஆசிரியரைத் தேடிப்போனார். அவர் ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட். அவர் பிரான்சிஸ்கன் துறவியே அல்லர். இருந்தும் ஏறத்தாழ 1230 முதல், லிங்கன் நகரின் பேராயராகும் 1235 வரையில், அந்த ஏழைத் துறவிகளுக்குப் பாடம் சொன்னார்.

அக்னெல்லுஸைப் பற்றி வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. தாம் உண்டாக்கிய பள்ளியில் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒருநாள் அவர் உள்ளே போனபோது, தேவன் இருக்கிறாரா என்ற தலைப்பில் மாணவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்களாம். எளிய சகோதரர்கள் பரலோகத்துக்குள் பிரவேசிக்கையில், படித்த சகோதரர்கள் தேவன் உண்டா என்று விவாதிக்கிறார்களே என்று அவர் மனம் நொந்தாராம். நம் தகப்பனாருடைய பயமும் இதுதான். நான் அக்னெல்லுஸின் துக்கத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் மாணவர்களின் பக்கமாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் சந்தேகத்தால் அல்ல, பயிற்சியாகவே அப்படி வாதாடியிருப்பார்கள். கல்லூரி விடுதியில் இந்தக் கேள்வியைக் கேட்டு விடைக்காகப் போராடியிராத போதகர், மகனை இழந்த ஒரு தாய் அதையே மருத்துவமனை வராந்தாவில் கேட்கும்போது என்ன சொல்வார்? கதையில் எனக்குப் பிடித்தது அதன் முடிவு. அக்னெல்லுஸ் பள்ளியை மூடவில்லை. பத்துப் பவுன் பணம் அனுப்பி, வீண் வாதங்களை விட்டு அவர்கள் நல்லவற்றைப் படிக்கும்படி, திருச்சபைச் சட்டத் தொகுப்பின் திருத்தமான பிரதியை வாங்கிவரச் செய்தாராம்.

க்ரோஸ்டெஸ்ட் பேராயரான பின்பும் அந்த நகரை மறக்கவில்லை. ஆக்ஸ்போர்டின் இறையியல் ஆசிரியர்களுக்கு எழுதிய கடிதத்தில், கட்டடத்தின் அஸ்திபாரக் கற்கள் வேதாகமமே, ஆகையால் காலை வேளையின் பாடங்கள் பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலுமே இருக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். காலை வேளை வேத வசனத்துக்குரியது என்பது அவருடைய நியாயம். படிப்பு அவரைக் கோழையாக்கவும் இல்லை. 1250இல் போப்பாண்டவரின் முன்னிலைக்கே போய், தகுதியற்ற மேய்ப்பர்களை நியமிப்பதால் சபை கெடுகிறது என்று எடுத்துரைத்தார். 1253இல் போப்பின் உறவினனான வாலிபனுக்குத் தம் பேராலயத்தில் பதவி தரும்படி கட்டளை வந்தபோது மறுத்துவிட்டார். அதே ஆண்டில் இறந்தபோது, தம் புத்தகங்களை அந்த வெறுங்கால் சகோதரர்களுக்கே விட்டுச்சென்றார்.

பின்னாளில் துறவிகளே ஆசிரியர்களானார்கள். முதல்வர் ஆடம் மார்ஷ். பிரபுக்களுக்கும் பேராயர்களுக்கும் புத்திசொல்லிக் கடிதங்கள் எழுதியவர். பள்ளியில் கற்றவர்கள் இங்கிலாந்தின் பிற மடங்களுக்கு ஆசிரியர்களாய் அனுப்பப்பட்டார்கள். ஒன்பதுபேராக வந்த கூட்டம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் 49 இடங்களில் 1,242 பேராகப் பெருகிற்று. ரோஜர் பேக்கன் அங்கிருந்து வந்தவர். எபிரெயுவும் கிரேக்கும் தெரியாமல் வேதத்தை விளக்கக்கூடாது என்று மன்றாடினவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மனித நூல் ஒன்றுக்கு விளக்கம் சொல்பவன் தனக்குப் பிடித்த வேளையைத் தெரிந்துகொள்ள, வேதாகமத்தைக் கற்பிப்பவன் தனக்கொரு வேளை தரும்படி கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அவர் அங்கலாய்த்தார்.

ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல ஆசை. 1291இல் குருவாக அபிஷேகம் பெற்று, ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் கற்பித்து, 1308இல் கொலோன் நகரில் மரித்தார்; அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்குமோ என்னவோ. அவருடைய எழுத்து கடினமானது. கல்லூரியில் பத்துப் பக்கம் படித்து மூடிவைத்தவன் நான். இறையியல் என்பது தெரிந்துகொள்வதோடு நின்றுவிடும் அறிவன்று, தேவனை நேசிக்கும் செயலுக்கு நம்மை நடத்தும் அறிவு என்பது அவருடைய உறுதியான போதனை. தேவகுமாரன் மனுவுருவானது ஆதாமின் தவறுக்குப் பின் வகுத்த மாற்றுத் திட்டமன்று, ஆதியிலிருந்தே தேவன் கொண்டிருந்த அன்பின் நோக்கம் என்றும் அவர் வாதிட்டார். இதை முழுவதும் ஏற்கத்தான் வேண்டும் என்று உங்களை நான் வற்புறுத்தமாட்டேன். கொலோசெயர் முதல் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

1300 ஜூலை 26 தேதியிட்ட ஒரு பதிவில் அவர் பெயர் இருக்கிறது. அது விவாதப் பட்டியலோ பட்டமளிப்புப் பட்டியலோ அன்று. மக்களின் பாவ அறிக்கைகளைக் கேட்க அனுமதி வேண்டி லிங்கன் பேராயரிடம் பெயர் கொடுக்கப்பட்ட 22 துறவிகளின் பட்டியல். ஐரோப்பாவின் கூர்மையான அறிவாளிகளில் ஒருவர், சாதாரண மனிதரின் பாவங்களைக் கேட்டு ஆறுதல் சொல்லும் வேலைக்கு வரிசையில் நின்றார்.

பின்பு வந்த ஓக்கம் ஊர் வில்லியம், 1324இல் விசாரணைக்கென்று போப்பிருந்த அவிஞ்ஞோனுக்கு அழைக்கப்பட்டு, கிறிஸ்துவின் தரித்திரத்தைப் பற்றிய வழக்கில் போப்புக்கு எதிராய் நின்று, 1328இல் இரவோடிரவாய்த் தப்பியோடியது தனிக் கதை. இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1535இல் அரசனின் ஆணையர்கள் ஆக்ஸ்போர்டுக்கு வந்து ஸ்கோட்டஸின் நூல்களை ஒழித்தார்கள். கிழிந்த தாள்கள் ஒரு கல்லூரி முற்றமெங்கும் காற்றில் பறந்தன. தன் காட்டு மான்கள் வெளியே ஓடாதபடி வெருட்டுவதற்காக ஒரு சீமான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனார். டன்ஸ் என்ற அவருடைய பெயரே ஆங்கிலத்தில் மந்தபுத்திக்காரனுக்குப் பெயராயிற்று. 1538இல் மடமும் மூடப்பட்டது. நம்முடைய சீர்திருத்தத்தின் பெயரால் நடந்தவற்றில் இதுவும் ஒன்று. பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அரசனை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. மடம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜான் லீலண்ட் என்ற அறிஞர், க்ரோஸ்டெஸ்ட் விட்டுச்சென்ற புத்தகங்களைத் தேடி அங்கே போனார். தலைவரும் பட்டம் பெற்றவர்களும் தவிர வேறொருவரும் நூலகத்துக்குள் போகக்கூடாது என்று துறவிகள் தடுத்தார்கள். வற்புறுத்தி உள்ளே போனவர் கண்டது தூசியும் சிலந்தி வலைகளும் பூச்சிகளும். மதிப்புள்ள புத்தகங்கள் எப்போதோ களவு போயிருந்தன. பூட்டு மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது. படிப்பு அந்த மடத்தைக் கெடுத்தது என்று சொல்வாருண்டு. எனக்கோ அந்தத் தூசியைப் பற்றி வாசிக்கும்போது, அங்கே படிப்பு நின்று நெடுநாள் ஆயிற்று என்றே தோன்றுகிறது.

அந்த இடத்தில் இப்போது வெஸ்ட்கேட் என்ற பெரிய கடைவளாகம் இருக்கிறது. அதைப் புதுப்பித்துக் கட்டும்போது, 2015, 2016 ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் தோண்டி, மடத்தின் அஸ்திபாரங்களைக் கண்டெடுத்தார்கள்.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்ல நினைக்கிற பதில் இதுதான்: மகனை அனுப்புங்கள். பயத்தையும் விட்டுவிடவேண்டாம், அது ஜெபமாக மாறட்டும். சிறையில் குளிரில் நடுங்கிய பவுல் மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் தீமோத்தேயுவிடம் கேட்டதை, 2 தீமோத்தேயு நான்காம் அதிகாரத்தில் வாசித்துப்பாருங்கள். சபையாராகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை. அக்னெல்லுஸ் தாம் படிக்காதிருந்தும் தம் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியரைத் தேடினார். நாமோ, ஒலிபெருக்கி வாங்க ஒரே கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டு, ஒரு மாணவனின் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப்பின் சபைக் குழு கூடுகிறது. அந்த மகனுடைய நான்கு ஆண்டுக் கட்டணத்தில் பாதியைச் சபை ஏற்கவேண்டும் என்று கேட்கப்போகிறேன். அவனிடத்திலும் ஒன்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு விடுமுறையிலும் ஊருக்கு வரும்போது, படுக்கையிலிருக்கும் நம் முதியவர்களின் வீடுகளுக்கு என்னோடு வந்து, அவர்கள் கேட்கிற சங்கீதத்தை அவனே வாசித்து ஜெபிக்கவேண்டும். அவன் சரி என்று சொல்லியிருக்கிறான். குழுவில் உள்ளவர்கள் தவறாமல் வாருங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்