பெரிய எண்ணைக் காட்டி விற்கிறார்கள்

போன வாரம் அண்ணி புது செல்போனோடு வந்தார். பேரனுக்குக் காதுகுத்து வருகிறது, படம் நன்றாக விழவேண்டும் என்று 108 மெகாபிக்சல் வாங்கியிருக்கிறார். "அம்மா, அது வெறும் 12, இது 108. ஒன்பது மடங்கு" என்றானாம் கடைப் பையன். மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டார். எண் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி என்ற இந்த நம்பிக்கையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த "வெறும் 12" என்ன செய்தது தெரியுமா? 2015-இல் ஐபோன் 6எஸ் 12 மெகாபிக்சலோடு வந்தது. 2021-இல் ஐபோன் 13 வந்தபோதும் அதே 12தான். இடைப்பட்ட ஆறு வருடத்தில் இருட்டில் எடுக்கும் படம்கூடப் பளிச்சென்று ஆனது. மாறியது சென்சாரின் அளவு, லென்ஸ், உள்ளே ஓடும் மென்பொருள். எண் அசையவே இல்லை.

அண்ணியின் போனில் அவர் எடுத்திருந்த ஒரு படத்தின் விவரத்தைத் திறந்து காட்டினேன். 4000-க்கு 3000. பெருக்கிப் பாருங்கள், 12 மெகாபிக்சல்! விரல்நகம் அளவுச் சென்சாரை 108 மில்லியன் புள்ளிகளாக நறுக்கினால் ஒவ்வொன்றிலும் விழும் வெளிச்சம் சொற்பம். அதனால் போனே ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12-ஆக்கித்தான் படத்தைத் தருகிறது. எந்த 12-ஐக் கடைப் பையன் இளக்காரமாகப் பேசினானோ, அதையேதான் 108 என்று அண்ணி தலையில் கட்டியிருக்கிறான். பின்பக்கம் வரிசையாக இருக்கும் வட்டங்களில் ஒன்று 2 மெகாபிக்சல். அது எதற்கு என்று கடையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லையாம்.

பவர் பேங்க்கும் இதே லட்சணம்தான். 20,000 எம்ஏஎச் என்று முகப்பில் கொட்டை எழுத்து. அது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றிப் போனுக்கு அனுப்பும்போது, வழியில் வீணாவதும் போக, ஏறக்குறைய 12,000 தேறினால் அதிகம். துவரம்பருப்புப் பையில் ஒரு கிலோ என்று அச்சடித்து அறுநூறு கிராம் போட்டால், 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். பவர் பேங்க்கில் உண்மை அளவைப் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். ராமும் அப்படித்தான். "8+8, மொத்தம் 16 ஜிபி" என்பார்கள். அந்த இரண்டாவது 8 ராமே இல்லை. ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய, வேகத்தில் பல மடங்கு குறைந்த இடம்.

இதையெல்லாம் சொன்னால், "படித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று நம்மையே குற்றவாளி ஆக்குகிறார்கள். எதைப் படிப்பது? பெட்டியில் இருப்பது பாமரருக்குப் புரியக்கூடாது என்றே எழுதப்பட்டது. இந்த லட்சணத்தில் கடை மூலையில் ஒருவர் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ப்ராசஸிங் ஃபீயும், வட்டிமேல் ஜிஎஸ்டியும் கார்டு பில்லில் வந்து நிற்கும்போதுதான் காஸ்ட் எங்கே இருந்தது என்று தெரிகிறது.

தவறான விளம்பரங்களைத் தண்டிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைக் கையிலெடுத்து, பவர் பேங்க் வெளியே தரும் அளவை முகப்பிலேயே அச்சிட வைக்கட்டும். போன் பெட்டியில் மெகாபிக்சலுக்குப் பதில், மண்டப வெளிச்சத்தில் அந்தப் போன் எடுத்த ஒரு படத்தை ஒட்டட்டும். காதுகுத்துக்குப் போன் வாங்குகிறவருக்கு அது போதும்.