ஓர் அச்சுப்பொறி பழுதானபோது



உங்கள் கடையிலோ, நீங்கள் பொறுப்பேற்று நடத்தும் பள்ளியிலோ, ஜமாஅத் அலுவலகத்திலோ ஒரு நாள் காலையில் அச்சுப்பொறி இயங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? தாள் சிக்கியிருக்கும் அல்லது மை தீர்ந்திருக்கும் என்று எண்ணுவீர்கள். பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அடுத்த அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுவீர்கள். இயல்பாக எவரும் செய்வது அதுதான்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று, வங்காளதேச நாட்டு மத்திய வங்கியின் டாக்கா தலைமையகத்தில் அதையேதான் செய்தார்கள். அந்த அச்சுப்பொறி சாதாரணமானதன்று. வெளிநாட்டு வங்கிகளுடன் நடைபெறும் பணப் பரிமாற்றங்களின் விவரத்தை இரவு பகலாகத் தானே அச்சிட்டுத் தருவதற்காக வைக்கப்பட்டிருந்தது. அன்று காலை அதன் தட்டில் ஒரு தாளும் இல்லை. ஏதோ கோளாறு என்று எண்ணி விட்டுவிட்டார்கள். மறுநாள் அதனை மீண்டும் இயக்கியபோது, நியூயார்க்கிலுள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து வந்திருந்த வினாக்கள் வரிசையாக வெளிவந்தன. "நீங்கள் அனுப்பியுள்ள ஆணைகளுக்கு விளக்கம் தேவை" என்பது அவற்றின் சாரம். டாக்காவிலோ அப்படி ஓர் ஆணையையும் எவரும் அனுப்பியிருக்கவில்லை!

நிறுவனங்களின் கணிப்பொறிப் பாதுகாப்பு என்றவுடன், "அது பொறியாளர்களின் வேலை; நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தத் திருட்டின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் படித்தால், பூட்டைவிடக் காவலாளியின் விழிப்பே பெரிது என்பது விளங்கும்.

நடந்தது என்ன?

உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பண ஆணைகளை அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்தும் செய்தி வலையமைப்புக்கு ஸ்விஃப்ட் என்று பெயர். வங்காளதேச மத்திய வங்கியின் அந்த இணைப்பைக் கைப்பற்றிய திருடர்கள், வியாழன் இரவு அலுவலர்கள் வீடு திரும்பியபின் 35 ஆணைகளை நியூயார்க்கிற்கு அனுப்பினர். அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். ஓர் ஏழை நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து ஒரே இரவில் கவர்ந்து செல்ல அவர்கள் வகுத்த திட்டம் இது.

நாளைத் தேர்ந்தெடுத்ததில் அவர்கள் காட்டிய நுட்பத்தைப் பாருங்கள். வெள்ளியும் சனியும் வங்காளதேசத்தில் விடுமுறை. டாக்காவில் விழித்துக்கொண்டு நியூயார்க்கைத் தொடர்புகொள்ள முயன்றபோது அங்கே வார விடுமுறை. பணம் சென்று சேர்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டில் 8-ஆம் நாள் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் விடுமுறைகளையும் ஒன்றாகக் கோத்துத் தமக்கு நான்கு நாள் அவகாசம் தேடிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தத் திட்டம் அந்த இரவில் உதித்ததன்று. ஓராண்டுக்கு முன்பே, 2015 ஜனவரியில், வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் போல ஒருவர் வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதிலிருந்த இணைப்பின் வழியே தன்விவரக் குறிப்பைத் திறந்து பார்க்க முயன்றபோது, நச்சு நிரல் வங்கியின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்துவிட்டது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2018-இல் வெளியிட்ட குற்றப் பத்திரம் கூறுகிறது. அதன்பின் அந்தத் திருடர்கள் அவசரப்படவில்லை. யார் எப்போது வருகிறார், எந்தக் கணிப்பொறியில் எந்த வேலை நடக்கிறது என்பதை மாதக்கணக்கில் உள்ளிருந்தே கவனித்தார்கள். 2015 மே மாதத்தில் மணிலாவின் வங்கிக் கிளை ஒன்றில் பொய்ப் பெயர்களில் கணக்குகளைத் திறந்து, தலைக்கு 500 டாலர் மட்டும் போட்டுவைத்துக் காத்திருந்தார்கள். இறுதியில், தங்கள் ஆணைகளின் சுவடு தெரியாதிருக்க, அச்சுப்பொறிக்குச் செல்லும் விவரங்களையும் தடுத்துவிட்டார்கள்.

வங்கியின் கதவு எப்படி இருந்தது தெரியுமா? இந்த வலையமைப்பில் தீயரண் எனப்படும் தடுப்பு இல்லை என்றும், 10 டாலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகளே பயன்பட்டன என்றும் விசாரணை அதிகாரி கூறியதாக அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. கோடிக்கணக்கான டாலரைக் காக்கும் வாயிலில் சிக்கனம் காட்டப்பட்டது!

காப்பாற்றியது எது?

95 கோடி டாலரும் போய்விட்டதா? இல்லை. 35 ஆணைகளில் 5 மட்டுமே நிறைவேறின. எஞ்சிய 30, ஏறத்தாழ 85 கோடி டாலர் பெறுமானமுள்ளவை, நிறுத்தப்பட்டன. மணிலாவின் அந்த வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலிலும் அதே பெயர் இருந்தது. தற்செயலான அந்தப் பெயர் ஒற்றுமை ஆணைகளை ஐயத்திற்குள்ளாக்கி, மறு பரிசீலனைக்குக் கொண்டுவந்தது.

நிறைவேறிய ஐந்தில் ஒன்று இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குச் சென்ற 2 கோடி டாலர். அந்த ஆணையில் ஃபவுண்டேஷன் என்று இருக்க வேண்டிய ஆங்கிலச் சொல் பிழையாக, ஃபாண்டேஷன் என்று எழுதப்பட்டிருந்தது. இடையில் பணத்தைக் கடத்திவிடும் பணியிலிருந்த டாய்ச்ச வங்கியில் அந்தப் பிழை கண்ணில் பட்டது, "இது சரிதானா?" என்று கேட்டார்கள். ஒரு சிறிய அமைப்புக்கு இத்தனை பெருந்தொகையா என்ற ஐயம் கொழும்பிலிருந்த வங்கிக்கும் எழுந்தது. அந்த 2 கோடி டாலரும் திரும்பி வந்தது.

மணிலாவுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டாலரோ வேறு வழியில் போயிற்று. பணத்தை நிறுத்துமாறு கோரும் செய்தி அந்த வங்கியை எட்டியபின்னும் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. பிறகு அது சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்தது. பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அந்நாளில் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. 2017-இல்தான் அவை அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரே பிலிப்பைன்ஸிலிருந்து விரைவில் திரும்பக் கிடைத்தது. கிளை மேலாளர் 2019 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனை பெரிய இழப்பு நாட்டின் நிதியமைச்சருக்கே உடனடியாகத் தெரிவிக்கப்படவில்லை. பத்திரிகைச் செய்தி மூலமே தாம் அறிந்ததாக அவர் வருந்திக் கூறினார். வங்கியின் ஆளுநர் 2016 மார்ச் 15-இல் பதவி விலகினார். வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று மூடிவைப்பது, போன பொருளுடன் நம்பிக்கையையும் சேர்த்து இழப்பதாகவே முடிகிறது.

கும்பகோணத்திலும்!

"அது டாக்காவில் நடந்தது, நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பெற்ற சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 7-ஆம் நாள் கணக்குகளைச் சரிபார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பண ஆணைகள் ஸ்விஃப்ட் வழியே சென்றிருப்பது தெரியவந்தது. துபாய், துருக்கி, சீனம் ஆகிய இடங்களை நோக்கிச் சென்ற அவற்றின் மொத்தத் தொகை 20 இலட்சம் டாலருக்குச் சற்றே குறைவு. இங்கும் அச்சுப்பொறி முடக்கப்பட்டிருந்தது! ஆனால், வழக்கமான சரிபார்ப்பை அவர்கள் தவறாமல் செய்ததால் விரைவில் கண்டுகொண்டார்கள். துபாய்க்குச் சென்ற 5 இலட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. அன்றாடக் கணக்குப் பார்க்கும் பழைய பழக்கத்தின் அருமை இதனால் விளங்கும்.

புதிய வடிவங்கள்

ஆண்டுகள் செல்லச் செல்லத் திருட்டின் வடிவங்கள் பெருகியுள்ளன. அவற்றுள் மூன்றினை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பிணைப்பணம் பறிப்பது. நம் கோப்புகளை நம்மாலேயே திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு விலை கேட்பார்கள். 2017 மே 12-இல் பரவிய வன்னாக்ரை என்னும் நிரல் 150 நாடுகளைத் தொட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இதில் வேதனை என்னவெனில், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்பே இலவசமாக வெளியிட்டிருந்தது. பலர் அதனைப் பொருத்திக்கொள்ளவில்லை! 2022 நவம்பர் 23-இல் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ இரு வாரங்கள் அங்கே பணிகள் கையெழுத்திலேயே நடந்தன.

இரண்டாவது, பிறர் வழியே நுழைவது. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானது. அதனை நம்பியிருந்த ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. அந்த வங்கிகள் தவறேதும் செய்யவில்லை. ஆயினும் அண்டை வீட்டில் பற்றிய தீயின் புகை அவர்களையும் சூழ்ந்தது.

மூன்றாவது, முகத்தையும் குரலையும் போலி செய்வது. ஒரு பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர், தம் மேலதிகாரிகளுடன் காணொளிக் கூட்டத்தில் கலந்துகொண்டு, அவர்கள் சொற்படி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அக்கூட்டத்தில் அவர் கண்ட முகங்கள் அனைத்தும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை என்பது 2024-இல் வெளிவந்தது. எழுத்துப்பிழையைக் கண்டு திருடனைப் பிடித்த காலமும் மலையேறிக்கொண்டிருக்கிறது. இன்று கணிப்பொறியே அவனுக்குப் பிழையின்றிக் கடிதம் எழுதித் தருகிறது.

நாம் செய்ய வேண்டியவை

நம்மவர்கள் நடத்தும் ஏற்றுமதி நிறுவனங்கள், துணிக்கடைகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் எத்தனை! அங்கெல்லாம் பிறர் பணமும், பிள்ளைகளின் விவரங்களும், நோயாளிகளின் இரகசியங்களும் கணிப்பொறியில் உள்ளன. அவையனைத்தும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா? அவற்றைக் காக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சில ஒழுங்குகள் தேவை.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இதில் செலுத்துங்கள்" என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ செய்தி வந்தால், அதில் தரப்பட்டுள்ள எண்ணை அழைக்காதீர்கள். முன்பே உங்களிடம் உள்ள பழைய எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெருந்தொகை எதுவாயினும் இருவர் ஒப்புதலின்றிச் செல்லக்கூடாது என்று விதி செய்யுங்கள். அவ்விதி முதலாளிக்கும் பொருந்தட்டும். "அவசரம், யாரிடமும் சொல்லாதே" என்று முதலாளியின் குரலே கேட்டாலும் சரி.

முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்து, கணிப்பொறியுடன் இணைக்காமல் தனியே வையுங்கள். அந்த நகலிலிருந்து உண்மையில் மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் சுவரில் ஒட்டிய தாளில் என்ற வழக்கத்தை இன்றே விடுங்கள். பணியிலிருந்து விலகியவரின் நுழைவுரிமையை அன்றே நீக்குங்கள். திருத்தங்கள் வந்தால் "பிறகு" என்று தள்ளாதீர்கள்.

சட்டத்தின் பக்கமும் பாருங்கள். இத்தகைய தாக்குதல் நேர்ந்தால் 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் எனப்படும் மைய அரசின் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரமே பணத்தை வழியில் மடக்கும் வாய்ப்புள்ள நேரம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்று. தவறான இணைப்பைத் திறந்துவிட்ட ஊழியர் உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லும்போது, அவரிடம் எரிந்து விழாதீர்கள். இன்று அவரைக் கடிந்து அவமானப்படுத்தினால், நாளை வேறொருவர் அஞ்சி மறைப்பார். மறைத்த ஒரு நாளே திருடனுக்குப் போதும். "ஐயா, இந்த அச்சுப்பொறி ஏனோ வேலை செய்யவில்லை, எனக்கு ஐயமாக இருக்கிறது" என்று கடைநிலைப் பணியாளரும் தயங்காமல் வந்து சொல்லக்கூடிய இடமாக உங்கள் அலுவலகம் இருக்கிறதா?

அன்பு வாசகர்களே, நாளைக் காலை கடையைத் திறந்தவுடன் இக்கேள்வியை உங்கள் பணியாளர்களிடமே கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் விடையில் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு எந்நிலையில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.