பத்தாண்டுக் குறிப்பேட்டுக்கு எத்தனை புள்ளி?

பெறுநர்: தலைவர், பல்கலைக்கழக மானியக் குழு, புது தில்லி.

பொருள்: இளநிலை மாணவர்களின் ஆய்வை நெடுங்காலம் வழிநடத்தும் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு விதிகளில் உரிய இடம் கோருதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட, கிரெடிட் சட்டகம், முதல் 6 பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்து, ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் 12 கிரெடிட் மதிப்புள்ள ஆய்வேட்டை முடித்து, ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டம் பெற வழிசெய்தது. இதனால் அதுவரை சில கல்லூரிகளின் தனி விருப்பமாக இருந்த இளநிலை ஆய்வு, அதாவது விடை முன்பே தெரிந்த செய்முறையைத் திரும்பச் செய்யாமல், விடை தெரியாத கேள்வி ஒன்றை மாணவர் தாமே எடுத்து ஆராயும் முறை, நாட்டின் கல்விக் கொள்கைக்குள் வந்துவிட்டது. மூன்றாண்டுப் படிப்பே தொடரும் இடங்களிலும் இறுதிப் பருவத் திட்டப்பணி பல பாடங்களில் நடைமுறையில் உள்ளது. மாணவருக்கு இவ்வாறு இடம் அளித்த குழு, அந்த மாணவரை வழிநடத்தும் ஆசிரியருக்குத் தன் கணக்கில் எந்த இடத்தை அளித்திருக்கிறது என்பதே இம்மடல் எழுப்பும் கேள்வி.

குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இரண்டாம் அட்டவணை, ஆசிரியரின் ஆய்வுப் பணியைப் புள்ளிகளாக மாற்றும் கருவியாகும். அதன்படி அறிவியல் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 புள்ளி, கலை மற்றும் மானுடவியல் துறைகளில் 10 புள்ளி. வழிகாட்டல் என்ற தலைப்பின் கீழ், முனைவர் பட்டம் வழங்கப்பட்டால் 10, ஆய்வேடு அளிக்கப்பட்ட நிலையில் 5, எம்.ஃபில். அல்லது முதுநிலை ஆய்வேட்டுக்கு 2. இளநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு அந்தத் தலைப்பின் கீழ் வரியே இல்லை. இணைப் பேராசிரியர் ஒருவர் பேராசிரியராக உயர இதே அட்டவணையின்படி குறைந்தது 110 புள்ளி காட்ட வேண்டியிருப்பதால், முதுநிலைத் துறையோ அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு மையமோ இல்லாத கல்லூரியில் பணியாற்றுபவர், 20 ஆண்டுகளாக ஆண்டுதோறும் மூன்று நான்கு இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு பழக்கியிருந்தாலும், வழிகாட்டல் என்ற கட்டத்தில் சுழியம் எழுதிக் கையொப்பமிட வேண்டிய நிலையில் இருக்கிறார்.

அந்தச் சுழியத்துக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை ஓர் எளிய பணியை அருகிலிருந்து பார்த்தால் உணரலாம். கிணற்று நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகளின் அளவை, தரம்பார்த்தல் முறையில் கண்டறியும் இரண்டாமாண்டு வேதியியல் மாணவி ஒருத்தியைக் கருதலாம். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் கரைசல், கூம்புக் குடுவையில் உள்ள நீரை ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாற்றும் கணத்தை அவள் முதல் முறை தவறவிடுவாள். இரண்டாம் முறை அளவீடு 2 மில்லி லிட்டர் வேறுபடும். வகுப்புச் செய்முறையில் இருந்த பழக்கத்தில், முந்தைய எண்ணுக்கு ஏற்றபடி இந்த எண்ணைத் திருத்தி எழுதிவிடக் கை நீளும். அவ்வேளையில் அருகில் நிற்கும் ஆசிரியர், எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் அளக்கச் சொல்லி, வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அவளையே தேடவைத்து, அடுத்தடுத்த அளவீடுகள் ஒத்துவரும் வரை காத்திருப்பார். கல்லூரிப் பேருந்து புறப்பட்ட பின்பும் நீளும் அந்த ஒரு மணி நேரத்தில் மாணவி கற்பது வேதியியலோடு நிற்பதில்லை; அளவீட்டுக்கு உண்மையாக இருத்தல் என்ற ஆய்வு அறத்தின் அடிப்படையையும் அவள் அங்கேதான் கற்கிறாள்.

இப்பணியின் முழு மதிப்பு ஓர் ஆண்டில் வெளிப்படுவதில்லை. அதே ஆசிரியர் ஒரு பொதுக் குறிப்பேட்டைத் திறந்துவைத்து, இவ்வாண்டு மாணவி அளந்த அதே 10 கிணறுகளை அடுத்த ஆண்டு மாணவர் அதே மாதங்களில் மீண்டும் அளக்குமாறு ஏற்பாடு செய்தால், தனித்தனியே பார்க்கும்போது செய்முறைப் பயிற்சிக்கு மேல் ஒன்றும் இல்லாத அளவீடுகள், 10 ஆண்டு முடிவில் ஓர் ஊரின் நிலத்தடி நீர் எவ்வாறு மாறிவந்தது என்பதற்கான சான்றாகத் திரளும். இளநிலை மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறிவிடுவதால், கேள்வியை நினைவில் வைத்திருப்பவரும், மூத்தவரை இளையவருக்குக் கற்பிக்கவைப்பவரும், உடைந்த பிப்பெட்டுக்கு மாற்று வாங்க அலுவலகத்துக்கு நடப்பவரும் ஆசிரியரே. ஆய்வுத் தலைமை என்பது கல்லூரி அளவில் இந்தத் தொடர்ச்சியைக் காப்பதுதான். ஆண்டறிக்கைக்காக ஆண்டுதோறும் புதிதாக எண்ணத் தொடங்கும் அட்டவணையின் கண்ணில் அது படுவதில்லை.

தொடர்ச்சி எதைச் செய்யவல்லது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. பிரெஞ்சு இயேசு சபைக் குருவான சார்லஸ் ரசீன், பாரிசில் எலி கார்த்தானிடம் பயின்று 1934இல் முனைவர் பட்டம் பெற்று, 1937இல் இந்தியா வந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்த பின், 1939 முதல் 1967 வரை சென்னை இலயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தேர்வுக்குரிய கடினக் கணக்குகளைப் போடுவதே கணிதம் என்று கருதப்பட்ட காலத்தில், பிரான்சில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை அவர் ஹானர்ஸ் வகுப்பு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். திறமை கண்ட மாணவர்களை, அப்போதுதான் வளர்ந்துவந்த பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் போகுமாறு ஊக்கினார். அவ்வாறு 1953இல் அங்குச் சென்ற சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1965இல் வெளியிட்ட தேற்றம், இயற்கணித வடிவியலுக்கும் இடவியலுக்கும் இடையே பாலம் அமைத்ததாக இன்றளவும் உலகெங்கும் பயிலப்படுகிறது. சி. பி. இராமானுஜமும் இராகவன் நரசிம்மனும் அதே வகுப்பறையிலிருந்து அதே வழியில் சென்றவர்கள். பின்னாளில் சேஷாத்ரி சென்னையில் 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளி, சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்து, 1998இல் இளநிலை மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கி, ஆய்வாளர்களே அவர்களுக்குக் கற்பிக்கும் முறையை நிலைநாட்டியது. ஆசிரியரிடம் பெற்றதை மாணவர் அடுத்த தலைமுறைக்குத் திருப்பித் தந்த வரலாறு இது.

ரசீனைக் கணிதவுலகம் இன்று நினைப்பது பெரும்பாலும் அவர் உருவாக்கிய மாணவர்களுக்காகவே. மேற்சொன்ன அட்டவணையில் அவரை நிறுத்திப் பார்த்தால், சேஷாத்ரியையும் நரசிம்மனையும் இளநிலையில் வழிநடத்தியதற்கு அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒரு புள்ளிகூட இல்லை. அம்மாணவர்களின் முனைவர் பட்டங்களுக்குரிய புள்ளிகள் வேறிடத்துக்குப் போய்ச் சேரும். பயிரை அறுத்தவருக்குக் கூலி உண்டு, நாற்றங்காலைக் காத்தவருக்கு இல்லை என்பதே இக்கணக்கின் பொருள்.

இங்கு ஒரு மறுப்பு எழுவது இயல்பு. புள்ளி என்று அறிவித்த மறுநாளே எண்ணிக்கை பெருகும் என்பதும், காசு வாங்கிக்கொண்டு திட்டப்பணி முடித்துத் தரும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ கடைகள் கல்லூரி வாசல்களில் இருப்பதும் குழு அறியாதவை அல்ல. கட்டுரைக்குப் புள்ளி தந்தபோது பணம் பெற்றுப் பதிப்பிக்கும் போலி இதழ்கள் பெருகியதும் அண்மை வரலாறே. இந்த அச்சம் நியாயமானது. ஆயினும் அதற்குரிய மருந்து நீண்டகாலம் என்ற அளவுகோலிலேயே இருக்கிறது: ஓர் ஆய்வேட்டை ஓர் இரவில் விலைக்கு வாங்கலாம், 10 ஆண்டு மாணவர்களின் கையெழுத்தில், அடித்தலும் திருத்தலும் தேதியுமாக நிற்கும் குறிப்பேட்டை வாங்க முடியாது. அதைப் போலவே, பணியில் அமர்ந்துவிட்ட பழைய மாணவர்கள் 10 பேர், ஆசிரியரிடமிருந்து இனி எதையும் எதிர்பாராத நிலையில் அளிக்கும் சாட்சியத்தைப் புனைவதும் எளிதன்று.

குழு இத்திசையில் ஓர் அடி வைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட வரைவு ஒழுங்குமுறைகள், புள்ளிக் கணக்குக்கு மாற்றாக முன்வைத்த ஒன்பது குறிப்பிடத்தக்க பங்களிப்புகளுள் மாணவர் பயிற்சி, திட்டப்பணி ஆகியவற்றின் மேற்பார்வையையும் ஒன்றாகச் சேர்த்தன. அது வரவேற்கத்தக்கதே, எனினும் ஒரு பருவம் மேற்பார்வையிட்டவரையும் 15 ஆண்டு ஆய்வு மரபொன்றைக் கட்டிக்காத்தவரையும் ஒரே வரியில் நிறுத்தினால், மதிப்பு மீண்டும் எண்ணிக்கைக்கே போய்விடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் இளநிலை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் மார்கரெட் மெக்விகாரின் பெயரால், அவர் மறைவுக்குப் பின் நிறுவப்பட்ட ஆசிரியர் தகைமை, இளநிலைக் கல்வியில் சிறந்தவர்களுக்குப் 10 ஆண்டுக் காலத்துக்கு வழங்கப்படுகிறது. பாராட்டும்கூட நீண்டதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் அடங்கியுள்ளது.

இவற்றைக் கருத்தில் கொண்டு நான்கு கோரிக்கைகள் தங்கள் முன் வைக்கப்படுகின்றன. முதலாவதாக, நிறைவுற்ற இளநிலை ஆய்வேட்டின் வழிகாட்டலுக்கு, உச்சவரம்புடன் கூடிய சிறிய மதிப்பேனும் பதவி உயர்வு விதிகளில் வழங்கப்பட வேண்டும். இரண்டாவதாக, 10 ஆண்டும் அதற்கு மேலும் தொடர்ந்த வழிகாட்டல் தனிப் பங்களிப்பாக ஏற்கப்பட்டு, ஆய்வுக் குறிப்பேடுகளும் பழைய மாணவர்களின் சாட்சியமும் அதன் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். மூன்றாவதாக, வாரத்தில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணியும் இணைப் பேராசிரியருக்கு 14 மணியும் என வகுக்கப்பட்டுள்ள கற்பித்தல் நேரத்துக்குள் இவ்வழிகாட்டலுக்கும் மணிக்கணக்கு ஒதுக்கப்பட வேண்டும். நேரம் தராமல் தரும் விருது, சுமையின் மேல் சூட்டும் மாலையாகவே முடியும். நான்காவதாக, இளநிலை ஆய்வு வழிகாட்டலுக்கென தேசிய அளவில் ஒரு விருது நிறுவப்பட்டு, அதில் ஊரகக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே எழுதிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பி, அது 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவரக் கண்ட சுப்ரமணியன் சந்திரசேகர் போன்ற மேதை, தமக்குரிய வழிகாட்டியைக் கடல் கடந்தும் தேடிக்கொள்வார். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, ஆய்வு என்ற ஒன்று இருப்பதையே சொல்பவர் அவர் கல்லூரியில் இருக்கும் ஓர் ஆசிரியர்தான். அந்த ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் குறிப்பேட்டைக் கைமாற்றிக்கொள்ள அடுத்தவர் ஒருவர் முன்வருவாரா, அல்லது அது பழைய தாள் கட்டுகளோடு எடைக்குப் போகுமா என்பது, தங்கள் அட்டவணையில் சேரவேண்டிய ஒரு வரியைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

மிக்க மதிப்புடன்,
இளநிலை ஆய்வில் அக்கறை கொண்டோர் சார்பாக.