பாங்கொலிக்குக் காத்திருக்கும் விளையாட்டு

ஏலத்தோட்ட வேலைக்காக விடியலிலேயே ஜீப் ஏறும் நம் போடிக் குடும்பங்களில், பிள்ளையின் முதல் வீடியோ கேமைப் பல நேரம் கைப்பேசி விளம்பரமே தேர்ந்தெடுத்துவிடுகிறது. அத்தேர்வு பெற்றோரின் அமானிதம்.

பிள்ளை ஒரு கதாபாத்திரமாக உலவும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டுகளில், முறைவைத்து ஆடுபவை உண்டு. பிள்ளை அடுத்த கட்டளை இடும்வரை எதிரியும் காத்திருப்பான். மக்ரிப் பாங்கு ஒலித்ததும் வைத்துவிட்டு எழலாம். இணையத்தில் பிறரோடு மோதும் ஆட்டங்கள் காத்திருப்பதில்லை. முதல் விளையாட்டு முந்தைய வகையாகவே இருக்கட்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சூது. 2001இல் சவூதி மார்க்க அறிஞர்கள் போக்கிமானைத் தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றோ அது, உள்ளிருப்பது தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டியாக வருகிறது. பெல்ஜியச் சூதாட்ட ஆணையம் 2018இல் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமென்றே அறிவித்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதும் நாம் அயரலாமா?

வாங்குமுன் ஒரு மணி நேரம் நாமே ஆடிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.