கற்போனை அறியாத போதனை

செயற்கை நுண்ணறிவு உரையாடற் செயலிகள் போதனை வடிவமைப்புத் துறையினுட் புகுந்த வேகம் வியப்புக்குரியது. 2022 நவம்பர் 30 இல் சட்ஜிபிடி பொதுப் பாவனைக்கு விடப்பட்டது. அதன்பின் மிகச் சில ஆண்டுகளுள்ளேயே கற்றல் நோக்கங்கள், பாட அலகுகள், வினாக்கொத்துக்கள் ஆகியவற்றை இச்செயலிகளிடம் கேட்டுப் பெறும் வழக்கம் பரவலாயிற்று. வாரக்கணக்கான பணி நிமிடக்கணக்கில் முடிகின்றது என்பர் இதனைப் போற்றுவோர். முடிவது யாது என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

யாருக்கு, எதனை, எவ்வொழுங்கிற் கற்பித்தல் வேண்டும், கற்றனரா என்பதை எவ்வாறு அறிதல் வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் பணியே போதனை வடிவமைப்பு எனப்படும். கலைத்திட்டக் கோட்பாட்டின் மூலநூல்களுள் ஒன்றை 1949 இல் வெளியிட்ட அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ப் ரைலர், கல்வி நோக்கங்களைத் தேடுதற்குரிய மூலங்களுள் கற்போரையே முதலிற் குறிப்பிட்டார். தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. காலமும் இடமும் நோக்கி, மாணாக்கனின் கொள்திறன் அறிந்து கற்பித்தலே ஆசிரியர்க்குரிய முறையெனப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் வகுத்துள்ளார்.

செயலியோ கற்போனைக் கண்டதில்லை. பெருந்தொகையான நூல்களையும் இணையப் பக்கங்களையும் கொண்டு பயிற்றப்பட்ட அது, ஒரு சொல்லையடுத்து எச்சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் எனக் கணித்தே விடையை அமைக்கின்றது. ஆகவே பலமுறை கூறப்பட்டது அங்கு வலுப்பெறுகின்றது. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

பலமுறை கூறப்பட்ட பொய்களுக்கு இத்துறையிற் குறைவில்லை. 1946 இல் எட்கார் டேல் என்பார் 'அனுபவக் கூம்பு' எனும் வரைபடத்தை வெளியிட்டார். அதில் வீதக் கணக்கு எதுவும் இருக்கவில்லை. வாசிப்பதில் 10 வீதம், கேட்பதில் 20 வீதம், செய்வதில் 90 வீதம் நினைவில் நிற்கும் என்ற எண்கள் பின்னர் பிறரால் ஒட்டப்பட்டவை. அவற்றுக்கு ஆதாரமான ஆய்வு எதுவும் இல்லை. எனினும் டேலின் பெயரால் அவை பயிற்சிக் கையேடுகளில் உலாவுகின்றன. மாணவரைக் கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர் எனப் பிரித்துப் போதிக்க வேண்டும் என்னும் 'கற்றற் பாணி'க் கொள்கைக்கும் போதிய சான்றில்லை என்பதை 2008 இல் பஷ்லர் முதலிய உளவியலாளர் நால்வர் எடுத்துக்காட்டினர். அதன் பின்னரும் அக்கொள்கை மறையவில்லை. இத்தகைய எழுத்துக்களை உண்டு வளர்ந்த செயலி, அவற்றையே செம்மையான நடையில் மீளத் தருமாயின் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கையேட்டுப் பொய்க்கு எழுதியவர் பெயராவது உண்டு. செயலியின் பொய்க்கு அதுவுமில்லை.

தமிழ்மொழி மூலக் கல்வியில் இவ்வபாயம் மேலும் கூர்மையடைகின்றது. இலங்கைப் பாடநூல்களில் 'திணிவு' எனப்படுவது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' எனப்படும். இங்கு 'நிறை' எனப்படுவது அங்கு 'எடை' எனப்படும். 'நிறை' என்ற ஒரே சொல் ஈரிடத்தும் இரு வேறு பௌதிகக் கணியங்களைச் சுட்டி நிற்பது மனங்கொளத்தக்கது. செயலிகளைப் பயிற்றிய எழுத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் மிகச் சிறிது. அத்தமிழிலும் இலங்கை வழக்கு ஒரு சிறு பங்கே. இரு வழக்குகளும் கலந்த பாட அலகொன்று கிளிநொச்சியிலோ பதுளையிலோ உள்ள மாணவனைச் சென்றடையுமாயின், இடத்துக்கிடம் நிறை மாறுவதில்லை என்று அவன் படிப்பான். சென்னையில் அது சரி. இங்கே அது பிழை. வாக்கியத்தில் இலக்கண வழு எதுவும் இல்லாமையால், மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அப்பிழை புலப்படாது.

செயலி வெறும் கருவியே, இறுதியில் மனிதர் சரிபார்ப்பர் என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழி. கேட்பதற்கு இது நன்று. ஆயின் சரிபார்க்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? நோக்கத்தைத் தாமே வகுத்து, வினாவைத் தாமே ஆக்கி, வகுப்பறையில் அது தவறியதைக் கண்டு திருத்தியவரிடமே அவ்வாற்றல் வளரும். அப்பயிற்சியை இளம் வடிவமைப்பாளரிடமிருந்து பறித்துவிட்டு, சரிபார்க்கும் பொறுப்பை மட்டும் அவர் தலையிற் சுமத்துவது, நீந்தப் பழகாதவனைக் கடற்கரைக் காவலுக்கு நிறுத்துவதை ஒக்கும். மேலும், நிறுவனங்கள் செயலியை நாடுவது நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்துவதற்கே. மிச்சப்படுத்திய நேரத்தைச் சரிபார்ப்புக்கெனத் திருப்பிக் கொடுக்க அவை முன்வருமா?

பொறுப்பு யாருடையது என்பது அடுத்த பிரச்சினை. எயார் கனடா நிறுவனத்தின் உரையாடற் செயலி, கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவலைக் கொடுத்தது. செயலியின் கூற்றுக்குத் தான் பொறுப்பாகாது என நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பிய மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று அவ்வாதத்தை நிராகரித்து நட்டஈடு வழங்கப் பணித்தது. அப்பயணி தவறைக் கண்டார், முறையிட்டார், நீதி பெற்றார். மாணவனோ தனக்குக் கற்பிக்கப்பட்டது பிழையென்பதையே அறியான். அறியாதவன் எங்கே சென்று முறையிடுவான்?

செயலியை முற்றாக விலக்க வேண்டும் என எவரும் கோரவில்லை. எழுத்துப் பிழை பார்க்கவும் அட்டவணை ஒழுங்கு செய்யவும் அது பயன்படட்டும். கற்போர் யார், கற்க வேண்டியது எது, கற்றதற்குச் சான்று யாது என்னும் மூன்று தீர்மானங்களும் மனிதர் கையிலேயே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பாட அலகும் அதற்குப் பொறுப்பேற்பவரின் பெயருடன் வெளிவருவதைப் பல்கலைக்கழகங்களும் பயிற்சி நிறுவனங்களும் விதியாக்குதல் வேண்டும். தம் பெயரை இடத் துணியாத பாடத்தை மாணவர் முன் வைக்க எவருக்கும் உரிமையில்லை.